இரண்டாவது பேனா: மலைமேல் இருந்த ஒரு மறுவாழ்வு இல்லம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் சேலத்தில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். சேர்வராயன் மலையில் இயங்கிய ஒரு குடிபோதை மறுவாழ்வு இல்லத்தில் ஏழு மாதங்கள் வேலை பார்த்த இளம் செவிலியர் ஒருவரைப் பற்றியது இந்தப் பதிவு. அவருடைய சம்மதத்தையும், பாதிக்கப்பட்டவரின் மனைவியின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்ற பிறகே எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஊர், தொழில், குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை.

இல்லம் ஒரு பழைய காப்பித் தோட்டத்து பங்களாவில் இருந்தது. பிரதான சாலையிலிருந்து விலகி, சவுக்கு மரங்களும் மிளகுக் கொடிகளும் மறைத்த சரிவில், கைபேசிக்கு சிக்னல் கிடைக்காத இடம். முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் குடும்பங்கள் மாதக் கட்டணம் கட்டி அவர்களைச் சேர்த்திருந்தன. நிறுவனருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. அவரே பல ஆண்டுகள் குடித்து, வீட்டையும் தொழிலையும் இழந்து, பிறகு மீண்டவர். அவர் கையால் குடியை விட்டவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். அவர்களில் மூவரிடம் நான் பேசியிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே வருகிறவருக்கு முதல் நாளே தலை மழிக்கப்படும். சொந்த உடையும் கைபேசியும் வாங்கி வைக்கப்படும். மூன்று மாதங்களுக்கு வீட்டார் பார்க்க முடியாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிப்பதும், பிறகு மிளகு பறித்துக் காயவைப்பதும் அவர்கள் வேலை. அதற்குக் கூலி கிடையாது. ‘உழைப்பே மருந்து’ என்று சுவரில் எழுதியிருந்தது. மாலையில் சபை கூடும். அன்றைய தவறுகளை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். தண்டனையை நிறுவனர் சொல்வார், நிறைவேற்றுவது ‘மூத்தவர்கள்’ எனப்பட்ட ஐந்தாறு பேர். எல்லோரும் அவரை ‘ஐயா’ என்றே அழைத்தார்கள். அவர் நுழைந்தால் எழுந்து நிற்பார்கள், அவர் உட்காரச் சொல்லும் வரை உட்கார மாட்டார்கள்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தடுக்கிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்புகளும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். கட்டாயமாகத் தலை மழிக்கக் கூடாது, சொந்த உடையை மறுக்கக் கூடாது, வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, விரும்பிச் செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும் என்று அது தெளிவாகவே சொல்கிறது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மாநில மனநல ஆணையத்திடம் இந்த இல்லம் பதிவு செய்யப்படவில்லை.

செவிலியருக்கு அப்போது 25 வயது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளியின் மகன். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்பந்த வேலை முடிந்துபோன நிலையில், தெரிந்தவர் வழியாக இந்த வேலை வந்தது. சம்பளம் முன்பைவிட ஆறாயிரம் ரூபாய் அதிகம், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். ஒரு நவம்பர் விடியற்காலையில் சேலம் சந்திப்பில் இறங்கி, அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து மேலே போனார். மலையில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. ‘கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை, அக்கா’ என்று என்னிடம் சொன்னார்.

உள்வட்டத்துக்குள்

முதல் இரவு நிறுவனர் தன் கையாலேயே அவருக்குப் பரிமாறினார். குடும்பத்தைப் பற்றிக் கேட்டார், கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டார். டிசம்பரில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று தெரிந்ததும் எண்பதாயிரம் ரூபாய் கொடுத்தார். எழுதி வாங்கவில்லை. தங்கைக்கு வளைகாப்பு என்றபோது செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கி வந்து கொடுத்தார். சேலத்துக்கு இறங்கினால் தட்டுவடை செட் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, மற்ற ஊழியர்களுக்கு இல்லாமல், ‘தம்பிக்கு’ என்று கொடுப்பார். சபையில் எல்லோர் முன்னாலும், ‘படித்த பிள்ளை, கடலோரத்திலிருந்து என்னை நம்பி வந்திருக்கிறான்’ என்பார்.

இதையெல்லாம் வெறும் தூண்டில் என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை. அந்த அன்பில் உண்மையும் இருந்திருக்கும். ஆனால் அது ஒரு வேலையையும் செய்தது: அந்த மலையில் அந்த இளைஞருக்கு ஒரே ஒரு உறவைத்தான் விட்டுவைத்தது.

எதேச்சாதிகாரிகள் ஏன் வெளியாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள் என்று பிறகு நிறைய யோசித்தேன். உகாண்டாவில் 1971 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்த இடி அமீன், அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஆசியர்கள் 90 நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றார். அயலாரை அப்படி விரட்டியவருக்கு ஆலோசகராக இருந்தவர் பாப் ஆஸ்டில்ஸ், பிரிட்டனில் பிறந்தவர். இடையில் சிறைக்கும் அனுப்பப்பட்டு மீண்டும் அருகில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். வெளியாளுக்கு அந்த மண்ணில் சொந்தமாக வேர் கிடையாது. நிழல் தரும் மரம் ஒன்றுதான். ஒரு நாட்டையும் ஒரு பங்களாவையும் ஒன்றாக வைத்துப் பேசுவது மிகையாகத் தோன்றலாம். அந்தச் சபையில் எழுந்து நின்று நடுங்கியவர்களிடம் பேசிய பிறகு எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை.

யாரையும் அடிக்கும்படி செவிலியரிடம் ஒருநாளும் சொல்லப்படவில்லை. கேட்கப்பட்டவை சிறியவை. முதலில், மருத்துவர் வராத நாளில் வந்ததாகப் பதிவேட்டில் ஒரு வரி. பிறகு, உள்ளே இருப்பவர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களைப் படித்து, ‘குடும்பத்தைக் கலங்கடிக்கும்’ வரிகளைச் சொல்வது. பிறகு, தண்டனை நடக்கும்போது பக்கத்தில் நிற்பது. ‘நீ நின்றால் அளவு மீறாது, தம்பி’ என்றார் நிறுவனர். அது நல்ல காரியமாகவே செவிலியருக்குப் பட்டது. தான் நிற்பதால் அடி குறைகிறது என்று அவர் நம்பினார். குறையவில்லை. அடிபட்டவர்களிடம் நான் பின்னர் கேட்டபோது, செவிலியர் நின்ற நாட்களில் தாங்கள் கத்தவே இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்காரரே பார்த்துக்கொண்டு நிற்கும்போது யாரிடம் முறையிடுவது என்று ஒருவர் கேட்டார்.

மார்ச் மாதம், அமைதி அறை

மார்ச் கடைசியில் ஒரு நெசவுத் தொழிலாளி சேர்க்கப்பட்டார். நாற்பத்தொரு வயது, தினமும் குடிப்பவர். வரும் வழியில்கூட குடிக்கக் கொடுத்து அழைத்து வந்திருந்தார்கள். கோடை மழை பெய்து காப்பிச் செடிகள் பூத்திருந்த வாரம் அது. மலை முழுக்க மல்லிகை போல் மணத்தது என்று செவிலியர் சொன்னார். அந்த மணம் இப்போது அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

நீண்ட காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்பது செவிலியர் படிப்பில் பாடமாகவே வருகிறது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற கடும் மனக்குழப்பம் வரலாம்: நாடி விரையும், காய்ச்சல் ஏறும், இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகத் தோன்றும். மருத்துவம் இல்லாமல் விட்டால் உயிர் போகக்கூடிய நிலை அது. மருத்துவமனையில் சேர்த்து, குளோர்டயாசெபாக்சைடு போன்ற மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். தயமின் பற்றாக்குறையைக் கவனிக்காமல் விட்டால் மூளையில் நினைவைக் காக்கும் பகுதிகள் நிரந்தரமாகச் சேதமடையலாம். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது அந்தச் சேதத்தை விரைவுபடுத்தக்கூடும்.

இரண்டாம் இரவு நெசவாளருக்கு வலிப்பு வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம் என்று செவிலியர் சொன்னார். ‘பயப்படாதே தம்பி. நானே இதைத் தாண்டி வந்தவன். குளுக்கோஸ் போடு’ என்றார் நிறுவனர். இல்லத்தில் தயமின் இல்லை. அது இல்லாமல் போடக் கூடாது என்று செவிலியருக்குத் தெரியும். போட்டார்.

மூன்றாம் நாள் நெசவாளர் சுவரில் தறி ஓடுவதாகச் சொல்லிக் கத்தினார், அருகில் வந்தவர்களைத் தள்ளினார். மூத்தவர்கள் அவரை ‘அமைதி அறை’யில் போட்டுப் பூட்டினார்கள். ஜன்னல் இல்லாத பழைய காப்பிக் கிட்டங்கி அது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம், சாவி மூத்தவர் ஒருவரிடம். அன்று இரவும் மறுநாள் பகலும் அடுத்த இரவும் அவர் உள்ளே இருந்தார். செவிலியர் இருமுறை சாவி கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் கதவு திறந்தபோது நெசவாளர் உயிரோடு இருந்தார். தன் பெயர் தெரிந்தது. எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

அந்தப் பதிவுத்தாள்

அன்று மாலை நிறுவனர் தன் மேசைக்கு அழைத்தார். முந்தைய நான்கு நாட்களுக்கான நாடி, ரத்த அழுத்தம், உடல் வெப்பம் எல்லாவற்றையும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்ததுபோல் எழுதச் சொன்னார். செவிலியர் எழுதினார். எண்கள் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று ஏற்றியும் இறக்கியும் எழுதினார். பாதி எழுதிய பிறகு, எல்லாம் ஒரே மையில் இருந்தால் சந்தேகம் வரும் என்று தோன்றவே, எழுந்து போய் வேறொரு பேனா எடுத்து வந்து இரவு நேரத்து எண்களை அதில் எழுதினார்.

அந்த இரண்டாவது பேனாவை யாரும் எடுத்து வரச் சொல்லவில்லை. இந்த நிகழ்வில் நான் மீண்டும் மீண்டும் திரும்பி வரும் இடம் இதுதான். கடன், நன்றி, பயம் எல்லாவற்றையும் சொல்லி அதுவரை நடந்ததை விளக்கலாம். பேனாவை விளக்க முடியாது. அந்த மாலையில் அவர் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவராக இல்லை. அந்த வேலையைத் தன் வேலையாக்கிக்கொண்டு, அதைத் திறமையாகச் செய்ய விரும்பினார்.

அப்போது அவருக்கு மனசாட்சி உறுத்தவில்லை. நன்றாகத் தூங்கினார். அவரே சொன்னது இது.

மே மாதத்தின் நடுவில், நெசவாளரால் இனித் தோட்ட வேலையும் செய்ய முடியாது என்று தெரிந்ததும், மனைவியை வரச்சொன்னார்கள். குடித்துக் குடித்து மூளை முன்பே கெட்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லப்பட்டது. காய்ச்சல் வந்தபோது எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டோம் என்பதற்குச் சாட்சியாகப் பதிவுத்தாளைக் காட்டினார் நிறுவனர். அந்த அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். இரவு பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி. பிறகு நிமிர்ந்து செவிலியரைப் பார்த்து, ‘இரண்டு மணிக்கும் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறீர்களே, தம்பி. கட்டிய நானே இப்படிப் பார்த்திருக்க மாட்டேன்’ என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நெசவாளர் பக்கத்தில் உட்கார்ந்து, தறிக்கு நூல் வந்துவிட்டதா என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிறு நேரத்தில் நான்கு முறை கேட்டார்.

கத்தலும் பூட்டிய கதவும் அசைக்காத ஒருவரை அந்தக் கும்பிடு அசைத்தது. மூன்று நாட்கள் அவர் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அப்பாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு மலையிலிருந்து இறங்கினார். தூத்துக்குடி பஸ்ஸில் ஏறவில்லை. புதிய பேருந்து நிலையத்தில் மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டு, தன் கல்லூரி ஆசிரியை ஒருவருக்குப் போன் செய்தார். ஆசிரியை என் எண்ணைக் கொடுத்தார்.

எங்களிடம் வந்தபோது

முதல் சந்திப்பில் அவர் தன்னைப் பற்றியே பேசினார்: தான் எவ்வளவு கெட்டவன், தனக்கு என்ன தண்டனை கிடைக்க வேண்டும் என்று. அது எனக்குக் கவலையாக இருந்தது. குற்ற உணர்வும் ஒருவரைத் தன்னையே சுற்றிவர வைத்துவிடும். ‘இன்று இரவு அந்த அறையில் யாராவது இருக்கிறார்களா?’ என்று கேட்டேன். அவர் பேச்சை நிறுத்தினார். தெரியவில்லை என்றார். அதற்குப் பிறகுதான் எங்கள் பேச்சு உருப்படியானது.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டேன். இருந்தது. அன்றே மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். ஆசிரியையின் உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்தோம்.

எடுத்த முடிவுகள்

இல்லத்துக்குத் திரும்பிப் போய் ஆவணங்களைப் படமெடுத்து வருவதாக அவர் சொன்னார். நான் மறுத்தேன். ஆதாரத்துக்காக ஒருவரை அந்த வட்டத்துக்குள் மீண்டும் அனுப்புவது அவர் உயிருக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து. ஐயா முன் நின்றால் அவர் மனம் திரும்பவும் இளகிவிடும் என்ற பயமும் எனக்கு இருந்தது. அந்தப் பயத்தை அவரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

புகாரை மாவட்ட ஆட்சியருக்கும், மனநல மறுஆய்வு வாரியத்துக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப முடிவு செய்தோம். ஒரு மேசையில் கிடந்துவிட்டால் இன்னொன்றாவது நகரும் என்பதற்காக.

பதிவுத்தாளைப் பற்றிய முடிவுதான் கடினமாக இருந்தது. ஆலோசனை தந்த வழக்கறிஞர், பொய்யாக எழுதியதைப் புகாரில் சேர்க்க வேண்டாம் என்றார். அது குற்ற ஒப்புதல் ஆகும், செவிலியர் பதிவும் பறிபோகலாம். தவிர, பதிவில்லாத நிலையத்தில் தெரிந்தே பணியாற்றும் மனநலப் பணியாளருக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வழக்கறிஞர் சொன்னதில் பிழை இல்லை. செவிலியர் ஒருநாள் அவகாசம் கேட்டார். மறுநாள் தன் கையாலேயே ஆறு பக்கம் எழுதி வந்தார். முதல் பக்கமே பதிவுத்தாளைப் பற்றியது. இரண்டாவது பேனாவும் அதில் இருந்தது. அதை எடுத்துவிட்டால், அந்த அம்மா கும்பிட்டது அப்படியே நிற்கும் என்றார்.

நான் அவரை எந்தப் பக்கமும் தள்ளவில்லை என்று எழுத விரும்புகிறேன். ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்தபோது என் முகத்தில் தெரிந்த நிம்மதியை அவர் பார்த்திருப்பார்.

ஆய்வும் அதன் பிறகும்

புகார் கொடுத்த ஐந்தாம் நாள் அதிகாரிகள் குழு மேலே போனது. 34 பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் நிறுவனரும் மூத்தவர்களும் இல்லாமல் தனியாகக் கேட்டார்கள். ஐந்து பேர் சேலம் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போக விரும்பினார்கள். நான்கு பேர் ஐயாவை விட்டுப் போக மாட்டோம் என்று அழுதார்கள். அமைதி அறையின் வெளித்தாழ்ப்பாளை அதிகாரி ஒருவர் படமெடுத்தபோது, 2001 ஆகஸ்ட் 6 எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். வெளிப்பக்கத் தாழ்ப்பாள் என்றால் அதுதான்.

இல்லம் மூடப்பட்டது. நிறுவனர் மீதும் மூத்தவர்கள் இருவர் மீதும் வழக்கு நடக்கிறது. செவிலியர் மீதும் விசாரணை இருக்கிறது. முடிவு வரும்வரை செவிலியர் வேலை பார்ப்பதில்லை என்று அவரே தீர்மானித்து, ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறார். எண்பதாயிரத்தைத் தவணையாக நிறுவனரின் குடும்பத்துக்கு அனுப்புகிறார். தங்கை கொலுசைத் திருப்பித் தந்துவிட்டாள். அதை என்ன செய்வது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

எங்களுக்கு நன்றி சொன்ன குடும்பங்கள் குறைவு. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான தாய் ஒருவர் என் மேசைக்கு எதிரில் நின்று, ‘அவன் அங்கே இருந்த எட்டு மாதமும் நான் அடி வாங்காமல் தூங்கினேன். இனி எங்கே கொண்டு போய் விடுவேன், நீயே சொல் அம்மா’ என்றார். அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவைச் சொன்னேன். மகன் சம்மதித்து வர வேண்டும். மகன் வரவில்லை. வீடு திரும்பிய ஒருவர் ஒரு வாரத்துக்குள் குடித்துவிட்டு மனைவியின் கையை உடைத்தார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

செவிலியர் என்னிடம் வந்ததற்கும் புகார் போனதற்கும் இடையில் பதினொரு நாட்கள். வாக்குமூலம் பிழையில்லாமல் இருக்க வேண்டும், பதிவு இல்லை என்பது உறுதியாக வேண்டும், வழக்கறிஞர் ஊரிலிருந்து திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தப் பதினொரு நாட்களில் 22 வயது இளைஞன் ஒருவன் அதே அறையில் இரண்டு இரவுகள் பூட்டப்பட்டிருந்தான். ஆய்வின்போது தெரிந்தது. முதல் நாள் நான் செவிலியரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அந்தக் கேள்வியைக் கேட்டவளே பதினொரு நாட்கள் காத்திருந்தேன். இப்போது பூட்டிய அறை என்ற சொல் காதில் விழுந்தால் அன்றே வாய்மொழியாகவும் மின்னஞ்சலிலும் தகவல் கொடுத்துவிடுகிறேன். ஆவணம் பின்னால் வரட்டும்.

ஆய்வுக்கு முன்பே குடும்பங்களுக்கான ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும். 34 பேர் ஒரே நாளில் வீடு திரும்பினால் 34 வீடுகளில் என்ன நடக்கும் என்று நாங்கள் உட்கார்ந்து எழுதிப் பார்க்கவில்லை. பெண்களுக்கான 181, மனநல உதவிக்கான 14416 என்ற எண்களைக்கூட அவர்கள் கையில் கொடுத்து அனுப்பவில்லை.

இன்னொன்று, செவிலியர் கல்லூரிகளில் பேச அழைக்கும்போது சொல்கிறேன். முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம், தவறைக் கண்டால் எதிர்த்துப் பேசுங்கள் என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. பதிவுச் சான்றிதழைப் பார்த்த பிறகு சேருங்கள், முதலாளியிடம் கடன் வாங்காதீர்கள், வாரம் ஒருமுறையாவது அந்த இடத்தைச் சேராத ஒருவரிடம் அன்றன்று செய்ததைச் சொல்லுங்கள் என்கிறேன். அந்த இளைஞர் ஏழு மாதங்களில் அம்மாவிடம் பேசியதெல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான்.

இப்போது

வாக்குமூலத்தின் பிரதியை நெசவாளரின் மனைவியிடம் செவிலியரே கொண்டு போய்க் கொடுத்தார். நானும் உடன் இருந்தேன். அந்த அம்மா முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு மாதங்கள் கழித்து எனக்குப் போன் செய்து, கணவருக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது, அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக முடியவில்லை, அந்தத் தம்பியை வரச்சொல்லுங்கள் என்றார். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் போகிறார். நெசவாளர் ஒவ்வொரு முறையும் அவரை யார் என்று கேட்கிறார். அவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ரத்த அழுத்தத்தை அவர் பார்க்கிறார். கருவியில் தெரியும் எண்ணை அந்த அம்மா குனிந்து தானே படித்து, தன் நோட்டில் தன் பேனாவால் எழுதிக்கொள்கிறார்.